தொட்டுக்கொள்ளச் சிறிது

ஒரு வீட்டின் வசதியை அறிய அதன் கூடத்தைப் பார்த்தால் போதும். அவ்வீட்டினரின் படிப்பை அறிய அவர்களுடைய புத்தக அலமாரியைப் பார்க்கலாம். ஆனால், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், வீட்டில் முதியவர் உண்டா, பிள்ளைகள் எத்தனை வயதினர், வேலைக்குச் செல்பவர் எந்நேரம் திரும்புகிறார், யாருக்கு யார் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்பனவற்றை எல்லாம் ஒருசேர அறிய வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் பாலையும் காய்கறியையும் விட்டுவிட்டு, கதவோரத் தட்டிலும் மேல்தட்டின் மூலையிலும் நிற்கும் சிறு சிறு புட்டிகளையும் கிண்ணங்களையும் பார்க்க வேண்டும்.

சோற்றோடும் இட்லியோடும் தொட்டுக்கொள்ள நாம் வைத்திருக்கும் இப்பண்டங்களுக்குத் தொடுகறி என்ற அழகிய பெயர் தமிழில் உண்டு. ஊறுகாய், தொக்கு, துவையல், புளிக்காய்ச்சல், சட்னி ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை உணவல்ல, உணவுக்குத் துணை. வாழையிலையில் உப்பும் ஊறுகாயும் இடம்பெறுவது ஓரத்து மூலையில்தான். சோறு வயிற்றை நிரப்பும். தொடுகறி நாவை எழுப்பும். மூலையில் இருக்க வேண்டியது மூலையில் இருக்கும்வரை அதனால் கேடில்லை. அது இலையின் நடுவுக்கு வந்துவிட்டால் என்னவாகும் என்பதை இக்கட்டுரையின் இறுதியில் காண்போம்.

கதவைத் திறந்தால்

தென்சென்னையின் நான்கு வீடுகளை மனக்கண்ணால் பார்ப்போம்.

மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய ஒரு பழைய வீடு. பெட்டியின் கீழ்த்தட்டில், சிவப்பேறிய சாற்றில் மாவடு மிதக்கிறது. பக்கத்தில் மோரில் ஊறிய மாகாளிக் கிழங்கு. அதன் வாசனை பிடித்தவர்களுக்கு அது அமுதம். பிடிக்காதவர்களுக்கு மூட்டைப்பூச்சியின் நினைவு! இவ்விரு கட்சியினரும் ஒரே குடும்பத்தில் இருப்பதுண்டு. ஆதலால் அப்புட்டியின் மூடி எப்பொழுதும் இறுக்கமாகவே இருக்கும். தீபாவளி கழிந்து நெடுநாளாகியும் தீராத இலேகியம் ஒரு மூலையில் உறைந்து கிடக்கும்.

தியாகராய நகரில் அடுக்குமாடி வீடு ஒன்று. கணவனும் மனைவியும் அலுவலகம் செல்பவர்கள். மேல்தட்டில் இட்லி மாவு. அதனருகே தக்காளித் தொக்கு, இஞ்சிப்பூண்டு விழுது, நேற்றைய தேங்காய்ச் சட்னி. கதவோரத்தில் தக்காளி சாஸ், சோயா சாஸ், பழ ஜாம், மயோனைஸ். இவற்றுக்கிடையே, உணவு விடுதியிலிருந்து வரவழைத்த பொட்டலங்களோடு வந்த சாஸ் உறைகள் பத்துப் பன்னிரண்டு. எறிய மனமில்லை, உண்ணவும் ஆளில்லை.

அடையாற்றில் ஒரு வீடு. இங்கே தொக்கும் புளிக்காய்ச்சலும் கடையில் வாங்கியவை. 1982-ஆம் ஆண்டில் அடையாறு காந்தி நகரில் தொடங்கப்பெற்ற கிராண்ட் ஸ்வீட்ஸ் போன்ற கடைகள், வீட்டுப் பக்குவத்தில் செய்த தொக்கையும் பொடியையும் புட்டியில் அடைத்து விற்கத் தலைப்பட்டபின், அம்மியும் உரலும் இல்லாத வீடுகளிலும் புளிக்காய்ச்சல் மணக்கலாயிற்று. விடுமுறைக்கு வந்து அயல்நாடு திரும்பும் பிள்ளைகளின் பெட்டிகளில் இவை தவறாமல் இடம்பெறுகின்றன.

சாந்தோமில், கடற்கரையை ஒட்டி வாழும் நம்மவர் வீடு ஒன்று. தூத்துக்குடிப் பக்கத்து உறவினர் கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கு, வினிகரில் ஊறிய மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய் ஆகியவை இங்கே காட்சி தரும். மணம் பரவாதிருக்க ஒவ்வொரு புட்டியும் இரண்டு பைகளுக்குள் கட்டப்பட்டிருக்கும்.

நான்கு வீடுகள், நான்கு வகை ருசி. எனினும் நான்கிலும் ஒன்று பொது: எந்தப் புட்டி எப்பொழுது வந்தது என்பது எவருக்கும் சரியாகத் தெரியாது.

பெயர்கள் சொல்லும் வரலாறு

இப்புட்டிகளுள் மிகப் பழமையானது எது? ஐயமின்றி மாவடுதான். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலில் அந்தணர் இல்லத்து விருந்தை விவரிக்கும்போது, மாவின் நறுவடுவை ஊறவைத்த காடியைக் குறிப்பிடுகிறார். சென்னையும் அதே தொண்டை நாட்டில்தான் இருக்கிறது. ஆக, மாசி பங்குனியில் தெற்கு மாடவீதியில் கூடை கூடையாக வடு வந்து இறங்கும்போது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் ஒன்று நம் கண்ணெதிரே நடைபெறுகிறது எனலாம்.

ஆனால் சங்க காலத்து மாவடுவில் சிவப்பு இருந்திருக்க முடியாது. ஏனெனில் மிளகாய் அன்று இந்நாட்டில் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த நம் முன்னோர், புதிதாக வந்த காய் மிளகைப்போல் எரிப்பதைக் கண்டு மிளகாய் என்றே பெயர் சூட்டிவிட்டனர். அதே போர்த்துக்கீசியர் அந்நூற்றாண்டின் முற்பகுதியில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறிச் சாந்தோமை நிறுவினர். லஸ் பகுதியில் உள்ள பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் ஆலயத்தை மட்டுமா விட்டுச் சென்றனர்? மீனையும் இறைச்சியையும் பூண்டும் வினிகரும் சேர்த்து ஊறவைக்கும் பழக்கமும் அவர்களிடமிருந்து மேற்குக் கடற்கரையில் பரவி, நம் குடும்பங்கள் சிலவற்றின் அடுப்படிவரை வந்து சேர்ந்திருக்கிறது.

தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. நம் மண்ணில் முன்பே இருந்த மணத்தக்காளியின் பெயரை அதற்கும் கொடுத்து, சீமைத் தக்காளி என்று அழைத்தார்கள். நாளடைவில் சீமை போய்த் தக்காளி நின்றுவிட்டது. இன்று தக்காளித் தொக்கு இல்லாத வீடு அரிது.

பிள்ளைகள் விரும்பும் கெச்சப்பின் கதை இன்னும் வியப்பானது. அச்சொல் தென்சீனக் கடற்கரை மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பர். அங்கே அது உப்பிட்டு நொதிக்கவைத்த மீனின் சாற்றைக் குறித்தது. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் அதைச் சுவைத்த ஆங்கிலேயர், தம் நாட்டில் காளானையும் வேறு பொருள்களையும் கொண்டு அதைப் போலச் செய்து பார்த்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் அது தக்காளியோடு சேர்ந்தது. மீன்சாறு தக்காளிச் சாறாகி, சர்க்கரையும் சேர்ந்து, நம் வீட்டுக் கதவோரத்தில் வந்து நிற்கிறது. அந்நியப் பண்டம் என்று கெச்சப்பை ஒதுக்கும் பாட்டியின் கையில் இருக்கும் மிளகாய்த்தூளும் ஒரு காலத்தில் அந்நியப் பண்டமே என்பதை நினைத்துப் பார்த்தால், மாமியார் மருமகள் வழக்குகளில் ஒன்றாவது குறையும்!

பனிக்கட்டி வந்த கதை

பொருள்களைக் குளிரில் வைத்துக் காக்கலாம் என்னும் எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதற்கப்பல் வந்தது. ஏறத்தாழ 180 டன் ஏற்றப்பட்டு, நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம். 1842-இல் சென்னைக் கடற்கரையில் அப்பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் உள்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்துவிட, அவ்வணிகம் நின்றது. கட்டடம் கைமாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கி உரையாற்றினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை அங்கே நடத்தினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அக்காலத்தில் பனிக்கட்டி துரைமார் வீட்டுப் பண்டம். நம்மவர்களுக்கு உப்பும் வெயிலும் நல்லெண்ணெயுமே குளிர்சாதனமாக இருந்தன. 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்சாதனப் பெட்டியைச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரும் அது நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. பெட்டி உள்ள வீடு தெருவுக்கு ஒன்றிரண்டு. காய்ச்சல் கண்டவருக்கு ஐஸ் வேண்டுமென்றால் அண்டை வீட்டார் கிண்ணத்தோடு அங்கேதான் செல்வார்கள். பெட்டி இருப்பதைப் பிறர் காணட்டும் என்று அதைக் கூடத்திலேயே நிறுத்தி, மேலே பூ வேலை செய்த துணி விரித்து, பொம்மையும் வைத்திருந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இப்பொழுது அது கூடத்தை விட்டுச் சமையலறைக்குள் சென்றுவிட்டது. சிறிய வீடுகளிலும் இருக்கிறது. ஒரு பொருள் எல்லாருக்கும் கிடைப்பது நல்லதே. ஆனால் அதை நம்பி நாம் எதை மறந்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உப்பு, எண்ணெய், புளிப்பு

ஊறுகாய் ஏன் கெடுவதில்லை? நம் பாட்டிமார் இதற்குக் காரணம் சொல்லவில்லை. விதி மட்டும் சொன்னார்கள். ஈரக்கை படக்கூடாது, மரக்கரண்டியால் எடுக்க வேண்டும், ஜாடியின் வாயில் துணியால் வேடு கட்ட வேண்டும், எண்ணெய் மேலே நிற்க வேண்டும். இவ்விதிகள் அனைத்துக்கும் இன்று அறிவியல் காரணம் காட்டலாம்.

கிருமிகள் வாழ ஈரம் வேண்டும். உப்பு மிகுதியாகச் சேரும்போது காயிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அந்நீர் கிருமிகளுக்குப் பயன்படாமற் போகிறது. வடு சுருங்கிச் சாறு விடுவது இதனாலேயே. எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுக்கிறது; பூஞ்சைக்குக் காற்று அவசியம். எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவற்றின் புளிப்பு மற்றொரு காவல். கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் என்னும் கிருமி, பி.எச். 4.6-க்குக் கீழ்ப்பட்ட புளிப்பில் வளர இயலாது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். எலுமிச்சை ஊறுகாயின் புளிப்பு இதனினும் மிகுதி. வேடு கட்டுவது பூச்சியையும் தூசியையும் விலக்கி, உள்ளே ஈரம் தேங்காமலும் காக்கும்.

குளிர்சாதனப் பெட்டியோ வேறு வகையில் வேலை செய்கிறது. அது கிருமியைக் கொல்வதில்லை, உறங்கச் செய்கிறது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே பெரும்பாலான கிருமிகள் விரைந்து பெருகும் நிலை. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகையைத் தொட்டது. கத்திரி வெயிலில் நம் சமையலறை எத்தகைய கிருமி வளர்ப்புப் பண்ணையாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே பெட்டியின் உள்வெப்பம் 5 பாகைக்கு மேற்படாதிருப்பது நலம். அப்படியிருந்தும் லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் அக்குளிரிலும் மெல்ல வளரும். பெட்டிக்குள் வைத்துவிட்டோம், இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை என்று எண்ணுவது தவறு.

இங்கேதான் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். பழைய ஊறுகாய் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். புதிய தொக்குக்கு மின்சாரம் காவல் நிற்க வேண்டும். பெட்டி இருக்கும் துணிவில் நாம் உப்பைக் குறைத்தோம்; எண்ணெயைக் குறைத்தோம். உடல்நலம் கருதி இது நல்ல மாற்றமே. ஆனால் உப்பும் எண்ணெயும் குறைந்த ஊறுகாய் பழைய ஊறுகாய் அன்று. அதைப் பழைய ஊறுகாயைப்போல் வெளியில் வைத்திருக்கலாகாது.

மின்சாரம் இல்லாத நாட்களில்

இவ்வேறுபாட்டைச் சென்னை மக்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை கடந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. குளிர்சாதனப் பெட்டிகள் நீரில் மிதந்தன. மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மாவு பொங்கி வழிந்திருந்தது. சட்னியும் மயோனைசும் உப்பில்லாத விழுதுகளும் குப்பைக்குச் சென்றன. நல்லெண்ணெய் மிதக்கும் ஆவக்காயும், உப்பில் உலர்ந்த நார்த்தங்காயும், மோர் மிளகாயும், பருப்புப் பொடியும் மட்டும் அசையாமல் இருந்தன. அந்நாட்களில் எத்தனையோ வீடுகளில் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் துணை நின்றவை அவைதாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெள்ளநீர் பட்ட புட்டி எதுவாயினும், மூடி இறுக்கமாக இருந்தாலும், வீட்டில் செய்ததாயின் அதை எறிந்துவிட வேண்டும். சாக்கடை கலந்த நீர் எந்த இடுக்கிலும் புகும். ஆசையோடு செய்த பண்டமாயிற்றே என்று பார்த்தால் ஆபத்து.

எதை எங்கே வைப்பது?

இல்லத்தரசிகளுக்கும், சமையலில் பங்கேற்கும் ஆடவர்க்கும் பயன்படும் சில குறிப்புகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெட்டியின் கதவோரம்தான் அதன் உள்ளே மிகுந்த வெப்பமுள்ள இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது அங்கே. ஆகையால் வினிகரும் சர்க்கரையும் மிகுந்த சாஸ், ஜாம் போன்றவற்றை அங்கே வைக்கலாம். தேங்காய்ச் சட்னி, மீன் ஊறுகாய், முட்டை சேர்ந்த பண்டங்கள் ஆகியவற்றை உள்தட்டின் பின்பகுதியில் வைக்க வேண்டும்.

உப்பும் எண்ணெயும் நிறைந்த பழைய முறை ஊறுகாய்க்குப் பெட்டி தேவையில்லை. சொல்லப்போனால், பெட்டி அதற்குத் தீங்கும் செய்யக்கூடும். குளிர்ந்த ஜாடியை வெளியே எடுத்துச் சென்னையின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால், காற்றின் ஈரம் துளித்துளியாக ஜாடிக்குள் படியும். பாட்டி அஞ்சிய ஈரக்கை இதுதான்! பெட்டியில் வைத்தே ஆகவேண்டுமென்றால், வேண்டிய அளவைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஜாடியை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

உப்போ புளிப்போ சேராத பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைப்பது மிகவும் அபாயமானது. காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில்தான் முன்சொன்ன பாட்டுலினம் செழிக்கும். அதற்கு நிறமும் இல்லை. கெட்ட வாடையும் தோன்றாமல் இருக்கலாம். அத்தகைய பூண்டைப் பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். இஞ்சிப்பூண்டு விழுதை மிகுதியாக அரைப்பவர்கள் சிறு பகுதிகளாக உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய்ச் சட்னியை அன்றே உண்பது சிறந்தது. மிகுந்துவிட்டால் உடனே பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.

மேற்பரப்பில் பூஞ்சை கண்டால் அதை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது தவறு. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் தலை மட்டுமே. அதன் இழைகளும், சில வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சும் கீழே பரவியிருக்கும்.

முட்டையை வேகவைக்காமல் செய்யும் மயோனைசைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். இதைக் கருதியே தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. வீட்டில் செய்பவர்களுக்கும் இப்படிப்பினை பொருந்தும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சை முட்டைப் பண்டங்களைத் தரவே வேண்டாம்.

இறுதியாக, ஒவ்வொரு புட்டியிலும் சிறு தாள் ஒட்டித் திறந்த தேதியை எழுதி வையுங்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. பசித்திருப்போர் கோடிக்கணக்கில் உள்ள உலகில் இது சிறு பிழையன்று. மாதத்தின் முதற் சனிக்கிழமை பெட்டியைத் துடைத்து, இருப்பதைக் கணக்கெடுத்த பின்பே புதிதாக வாங்குவது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டால் பணமும் மிஞ்சும்; பண்டமும் மிஞ்சாது.

துணையே உணவானால்

இனி, தொடக்கத்தில் சொன்னதற்கு வருவோம்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இன்று எத்தனை வீடுகளில் முதிய தம்பதியர் மட்டும் வாழ்கிறார்கள்! எத்தனை வீடுகளில் அவ்விருவருள் ஒருவர் மட்டும்! பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், அன்றேல் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பாசம் இல்லாதவர்கள் அல்லர். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். வந்து செல்லும்போது இரட்டைக் கதவுப் பெட்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து, அதை நிரப்பியும் செல்கிறார்கள்.

“சாப்பிட்டாயா அம்மா?” என்று மகன் கேட்கிறான். “சாப்பிட்டேன் அப்பா” என்று தாய் விடை கூறுகிறாள். அது பொய்யன்று. என்ன சாப்பிட்டாள் என்பதை மகன் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. ஒருத்திக்காக எதற்கு அடுப்பை மூட்டுவது என்று எண்ணி, காலையில் வைத்த சோற்றில் தயிரைப் பிசைந்து, மூன்று துண்டு ஊறுகாயோடு உண்டு முடித்துவிட்டாள். இரவும் அதுவே, மறுநாளும் அதுவே. பெட்டியில் ஏழு வகைத் தொடுகறி உண்டு. கறி மட்டும் இல்லை.

இதில் உடலுக்குள்ள கேட்டை முதலில் பார்ப்போம். ஒருவர் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது, எல்லா உணவிலும் சேர்த்து ஒரு சிறு தேக்கரண்டி அளவே. உலக மக்களின் சராசரியோ 10.8 கிராம் என்று அந்நிறுவனமே கணக்கிட்டிருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள முதியவர், ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயுமே துணையாக மூவேளை உண்டால் மாத்திரை என்ன செய்யும்? காயும் கீரையும் பருப்பும் குறையக் குறையத் தசை தளர்கிறது, நடை தள்ளாடுகிறது. ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு நாம் விதியை நோகிறோம். விதைத்தது சமையலறையில் அன்றோ!

உள்ளத்துக்குள்ள கேடு இதனினும் பெரிது. தனக்காக மட்டும் சமைக்க மனம் வராமற் போவது சோம்பலன்று. உண்பவர் முகம் பார்த்துச் சமைத்தே ஐம்பது ஆண்டுகள் கழித்த கைக்கு, முகம் ஏதும் இல்லாதபோது வேலை ஓடுவதில்லை. முதியவர் ஒருவரின் பெட்டியில் புட்டிகள் பெருகிக் காய்கறித் தட்டு வெறுமையாக இருக்குமாயின், நாம் அதை அவ்வீட்டுத் தனிமையின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, தொலைவில் உள்ள பிள்ளைகள் “சாப்பிட்டாயா?” என்று கேட்பதை விட்டு, “இன்று என்ன குழம்பு?” என்று கேட்கலாம். விடை சொல்வதற்காகவேனும் ஒரு குழம்பு கொதிக்கும். இரண்டாவது, முதியவர் இல்லத்துக்குச் செல்வோர் ஊறுகாய்ப் புட்டியையும் இனிப்புப் பெட்டியையும் தவிர்த்து, நறுக்கிய காய்களையும் நான்கு பழங்களையும் கொண்டு செல்லலாம். உரிமையுள்ளவர்கள் பெட்டியைத் திறந்து, பழையவற்றை அகற்றித் துடைத்துக் கொடுத்து வரலாம். கண்பார்வை மங்கியவர்களுக்குத் தேதியும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது.

மூன்றாவது, மிகவும் முக்கியமானது. முதியவர்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது. அது அவர்களுடைய கைப்பக்குவம். ஒரு படி வடுவுக்கு எத்தனை கை கல்லுப்பு, விளக்கெண்ணெயை எப்பொழுது பூச வேண்டும், ஜாடியை எத்தனை நாள் குலுக்க வேண்டும், கடுகும் மிளகாயும் மஞ்சளும் எந்நிலையில் சேர வேண்டும் என்பன எல்லாம் அவர்கள் விரல்களில் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அது எழுதி வைக்கப்படவில்லை. அக்கை ஓய்ந்தால் அக்குடும்பத்தின் மாவடுவும் ஓய்ந்துவிடும். பிறகு எந்தக் கடையிலும் அது கிடைக்காது. ஆகவே வருகிற மாசியில், அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள இளந்தம்பதியர் இருவர் மூவர் சேர்ந்து இரண்டு படி வடு வாங்கிக்கொண்டு, மேல்மாடிப் பாட்டியின் வீட்டுக்குச் செல்லட்டும். “பாட்டி, நீங்கள் உட்கார்ந்தபடியே சொல்லுங்கள், நாங்கள் செய்கிறோம்” என்று கேட்கட்டும். ஒருவர் வடுவைத் துடைக்க, ஒருவர் அளவுகளை எழுதிக்கொள்ள, பிள்ளைகள் ஜாடியைக் குலுக்கும் முறையை நாள்தோறும் பங்கிட்டுக்கொள்ளட்டும். உப்புக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தால் பாட்டி அதை உண்ண வேண்டியதில்லை; ருசி பார்த்துச் சொன்னால் போதும்.

அன்று மதியம் அவ்வீட்டில் பலர் இருப்பார்கள். சமைக்கவும் நேரும்.

பிறகு அவ்வுறவு தொடர்வதற்கு நம் முன்னோர் ஏற்படுத்திய எளிய வழி ஒன்று உண்டு. அண்டை வீட்டிலிருந்து பண்டம் வந்த கிண்ணத்தை நாம் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் சிறிது சர்க்கரையாவது இட்டுக் கொடுப்போம். கீழ்வீட்டிலிருந்து சூடான கீரைக் கூட்டு ஒரு கிண்ணம் மேலே செல்லட்டும். அது கழுவித் துடைக்கப்பெற்று, ஏதேனும் ஒன்றோடு கீழே வரும்.